வயிரமும் வச்சிரமும்

எங்கள் ஊர்ச் சந்தையின் பின்புறம் நான்கு ஆட்டிறைச்சிக் கடைகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்கும்போது, தொங்கும் ஆடுகளைப் பார்க்க அஞ்சி, நான் வெட்டுக் கட்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். புளியமரத்தின் அடிமரத்தைக் குறுக்கே அறுத்து நிறுத்திய முண்டம் அது. பல்லாண்டுகள் வெட்டு வாங்கி அதன் நடுப்பகுதி உரலைப்போலக் குழிந்திருக்கும். கடையடைக்கும் நேரத்தில் கடைக்காரர் அதைச் சுரண்டிக் கல்லுப்புத் தூவி வைப்பார். “பலகையில வெட்டினா என்னப்பா?” என்று ஒருநாள் கேட்டேன். “பலகையில வெட்டினா சிராய் பேந்து கறியோட வரும். கட்டையில வராது” என்றார் அப்பா. அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை; எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் கேள்வி முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து என்னிடம் திரும்பி வந்தது. எங்கள் பழைய வீட்டை இடித்தபோது இரண்டு பலாமரக் கதவுகள் மிஞ்சின. கொல்லையில் நின்ற பூவரசு அதற்கு முன்பே ஒரு மழையில் சாய்ந்து, அறுக்கப்பட்டுக் காய்ந்து கிடந்தது. முழங்கால் வலியால் அம்மாவால் இனி அரிவாள்மனை முன் அமர முடியாது என்ற நிலையும் அப்போதுதான் வந்தது. நின்றபடி காய் நறுக்க அவருக்கு ஒரு பலகை வேண்டும். பலாவின் மஞ்சளையும் பூவரசின் கருஞ்சிவப்பையும் மாற்றி மாற்றி வைத்து, சதுரங்கக் கட்டம்போல, மரத்தின் குறுக்குவெட்டு முகம் மேலே தெரியும்படி ஒரு பலகை செய்ய முடியும் என்று படித்திருந்தேன். செய்யத் தொடங்கியபின்தான் அந்தச் சிறு பலகைக்குப் பின்னே எத்தனை நாடுகளின் வரலாறு அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது.

*

மரத்தைத் தமிழ் இலக்கணம் முதலில் பார்த்ததே குறுக்குவெட்டில்தான் என்று சொல்லலாம். தொல்காப்பிய மரபியல் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கும்போது பூவையோ இலையையோ அளவுகோலாகக் கொள்ளவில்லை. வெட்டிப் பார்த்தால் வன்மை எங்கே இருக்கிறது என்று கேட்கிறது. வெளிப்புறத்தில் காழ் உடையது புல். உட்புறத்தில் காழ் உடையது மரம். பனையும் தென்னையும் மூங்கிலும் புல் வகையில் சேர்ந்தது இப்படித்தான். இன்று கடைகளில் மூங்கில் பலகைகளை மரப்பலகை என்று சொல்லி விற்கிறார்கள். தொல்காப்பியரைக் கேட்டால் புல் பலகை என்பார். தாவரவியலாரும் அவர் பக்கமே நிற்பார்கள். உட்காழைத்தான் நாம் வயிரம் என்கிறோம். வயிரம் பாய்ந்த மரம் என்ற வழக்கு, அறுத்துப் பார்த்தவனின் வழக்கு.

மரம் என்பது மேல்நோக்கி ஓடும் நுண்குழாய்களும் நார்களும் சேர்ந்த கட்டு. ஒரு ஈர்க்குமாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் கிடத்தி அதன்மேல் கத்தியை வைத்து அழுத்தினால் ஈர்க்குகள் அறுபடும். அது நெடுக்கே அறுத்த சாதாரணப் பலகை. அதே ஈர்க்குமாற்றை இறுகக் கட்டி நட்டுக்குத்தலாக நிறுத்தி, அதன் தலையில் கத்தியை இறக்கினால், கத்தி ஈர்க்குகளுக்கு இடையே புகுந்து வெளியே வரும். ஈர்க்குகள் விலகி மீண்டும் பெரும்பாலும் தம் இடத்துக்கே திரும்பும். இது குறுக்குவெட்டு முகம். சிராய் பெயராததற்கும் கத்தி எளிதில் மழுங்காததற்கும் இதுவே காரணம். புளியமரத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னி ஓடுபவை; ஆதலால் அது பிளவுபடாமலும் நிற்கிறது. அப்பா சொன்ன ஒற்றை வரியின் முழு விளக்கம் இவ்வளவுதான்.

சீனத்து ஞானி சுவாங்சுவின் பெயரால் வழங்கும் நூலில் ஒரு சமையல்காரன் வருகிறான். அவன் மாட்டை அறுக்கும்போது எலும்பில் கத்தியை மோதுவதில்லை. மூட்டுகளின் இடைவெளியில் மட்டும் கத்தியைச் செலுத்துகிறான். பத்தொன்பது ஆண்டுகள் ஆகியும் அவன் கத்தி புதிதாகத் தீட்டியது போலவே இருக்கிறது. அந்தக் கதையைப் படித்த அனைவரும் கத்தியைப் பற்றியும் கையைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். எனக்கோ கத்திக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. சீனச் சமையலறைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் வெட்டுக் கட்டை அடிமரத்தின் வட்டத் துண்டுதான். அங்கும் கத்தி இடைவெளியில்தான் இறங்குகிறது.

*

அடிமரத்தின் வட்டத் துண்டுக்கு ஒரு குறை உண்டு. காயும்போது அது மையத்திலிருந்து விளிம்பை நோக்கி வெடிக்கும். மரம் நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. வளையங்களுக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு, வளையங்களின் போக்கில் சுருங்குகிறது. வட்டத் துண்டில் இந்த இரு சுருக்கங்களுக்கும் இணக்கம் ஏற்படாமல் வெடிப்பில் முடிகிறது. பெரிய அடிமரங்கள் கிடைப்பதும் எங்கும் எளிதல்ல.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் எஃபிங்ஹாம் என்ற சிற்றூரில் 1887இல் தொடங்கப்பட்ட ஜான் பூஸ் நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல சான்று. கொல்லன் பட்டறைக்கென்று சிக்கமோர் மரத்தின் முண்டத்துக்கு மூன்று கால் வைத்துக் கொடுத்ததில் அவர்கள் தொழில் தொடங்கியது. அதைக் கண்ட ஒரு இறைச்சிக் கடைக்காரர் தமக்கும் ஒன்று கேட்டார் என்பது அந்த நிறுவனம் சொல்லிவரும் வரலாறு. பின்னாளில் முண்டத்தின் இடத்தைக் கடினமான மேப்பிள் மரக் கட்டைகளின் அடுக்கு பிடித்தது. காய்ந்த சிறு கட்டைகளை நட்டுக்குத்தலாக நெருக்கி நிறுத்திப் பிணைத்தால் வெடிப்பும் இல்லை. அளவுக்கு எல்லையும் இல்லை. ஆனால் பசையை மட்டும் நம்ப அக்காலத் தச்சர்கள் துணியவில்லை. கட்டைகளுக்குப் புறாவால் பொருத்து வெட்டினார்கள். இரும்புக் கம்பிகளைக் குறுக்கே ஓட்டி இறுக்கினார்கள். இந்தத் தயக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வரலாற்றின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

*

கோலம் வேறொரு வழியாக வந்தது. பாரசீகத்தின் ஷிராஸ், இஸ்பஹான் நகரங்களில் ‘காத்தம்’ என்றொரு கலை சஃபாவி மன்னர் காலத்தில் செழித்திருந்தது. மரம், எலும்பு, பித்தளை ஆகியவற்றை முக்கோண முகமுள்ள மெல்லிய குச்சிகளாக அராவி, நட்சத்திர வடிவில் கட்டி ஒட்டி, அந்தக் கட்டைக் குறுக்கே சீவி எடுப்பார்கள். வெள்ளரிக்காயை வில்லை போடுவது போலத்தான். ஒவ்வொரு வில்லையிலும் அதே நட்சத்திரம். அந்த வில்லைகளைப் பெட்டிகளின் மேல் ஒட்டுவார்கள். இக்கலை சிந்து வழியாகச் சூரத்துக்கும் பம்பாய்க்கும் வந்து ‘சதேலி’ என்று பெயர் பெற்றது. தந்தமும் வெள்ளீயக் கம்பியும் கருங்காலியும் கலந்த அந்தப் பம்பாய்ப் பெட்டிகளை 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் விரும்பி வாங்கினர்.

இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஊர் உண்டு. 1606இல் அங்கே இரும்புச் சத்துள்ள ஊற்று கண்டுபிடிக்கப்பட்டபின், நலம் தேடிச் செல்வந்தர்கள் வரத் தொடங்கினர். வந்தவர்கள் நினைவுப்பொருள் வாங்க, மரப்பொருள் செய்யும் தொழில் வளர்ந்தது. 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்குள்ள கைவினைஞர்கள் பாரசீகத்தாரின் வழியை ஒத்த முறையைக் கைக்கொண்டனர். பல நிற மரங்களைச் சதுரக் குச்சிகளாக அறுத்து, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குச்சி வீதம் அடுக்கி ஒட்டி, குறுக்கே வில்லை போட்டார்கள். படத்துக்கான வரைபடங்களைப் பெண்கள் கம்பளி நூல் தையலுக்குப் பயன்படுத்திய கட்டத் தாள்களிலிருந்து எடுத்தார்கள். கோட்டை, நாய்க்குட்டி, ரோஜா என எல்லாமே குச்சிகளின் தலைகளில் பிறந்தன.

அவர்கள் சாயத்தை நம்பவில்லை என்பது என்னை வியக்கவைத்த செய்தி. மரங்களின் இயற்கை நிறமே வண்ணப்பெட்டி. சாம்பல் நிறம் வேண்டுமென்றால் வெளிர்ந்த மரத்தை ஊரின் ஊற்றுநீரில் ஊறவைத்தார்கள். நீரிலிருந்த இரும்பு மரத்தோடு வினைபுரிந்து நிறத்தைத் தந்தது. பச்சை வேண்டுமென்றால் காட்டில் விழுந்து கிடந்த ஓக் கிளைகளைத் தேடிப் போனார்கள். ஒருவகைப் பூஞ்சை பிடித்த ஓக் மரம் மயில்பச்சையாக மாறிவிடும். நோய்கண்ட மரமும் நோய் தீர்க்கும் நீரும் சேர்ந்து ஒரு படத்தை நிறைவு செய்தன.

அதே காலத்தில், இவர்களை அறியாமலேயே, ஜப்பானின் ஹக்கோனே மலைப்பாதையில் ஹத்தாஜுக்கு என்ற சிற்றூரில் இன்னொரு மரபு வளர்ந்துகொண்டிருந்தது. எடோவையும் கியோத்தோவையும் இணைத்த தொக்கைதோ பெருவழியில் அது பயணிகள் தங்கிச் செல்லும் இடம். இஷிகாவா நிஹெய் (1790–1850) என்ற கைவினைஞர் தொடங்கியதாகக் கருதப்படும் இக்கலைக்கு ‘யொசெகி’ என்று பெயர். குச்சிகளைக் கோலமாக ஒட்டிக் கட்டையாக்கியபின் அவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அகன்ற இழைப்புளியால் கட்டையின் முகத்தைத் தாள்போல மெலிதாகச் சீவி எடுத்துப் பெட்டிகளின் மேல் ஒட்டுவது. இதை ‘சுக்கு’ என்கிறார்கள். மற்றொன்று, கட்டையையே கடைந்து கிண்ணமாகவும் தட்டாகவும் ஆக்குவது. அது ‘முக்கு’. சுக்கில் கோலம் தோல். முக்கில் கோலம் தசை. ஒரே கட்டையிலிருந்து நூற்றுக்கணக்கான தோல்களை உரிக்கலாம். தசையாகச் செய்தால் ஒரு கிண்ணம்தான். இரண்டையும் விடாமல் வைத்திருந்த ஹக்கோனே இன்றும் வாழ்கிறது. 1984இல் ஜப்பானிய அரசு அதை மரபுக் கைவினையாக அறிவித்தது. பெரும்பாலும் தோலையே விற்ற டன்பிரிட்ஜ் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஓய்ந்தது. அதன் பெட்டிகள் ஊரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு கலையின் முடிவுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். சுவை மாறியது, ஊற்றுநீர் தேடி வருவோர் குறைந்தனர். ஆனாலும் இந்த வேறுபாடு மனத்தை விட்டு அகலவில்லை.

*

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. குறுக்குவெட்டு முகத்தில் வெட்டுவது நல்லது என்று இறைச்சிக் கடைக்காரர்களுக்குத் தெரியும். குறுக்குவெட்டு முகத்தில் கோலம் வரும் என்று பெட்டி செய்பவர்களுக்குத் தெரியும். இந்த இரண்டு அறிவும் ஒரு பலகையில் சந்திக்க ஏன் இத்தனை காலம் ஆயிற்று?

விடையின் பெரும்பகுதி பசையில் இருக்கிறது. நம் தச்சர்கள் விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசையை வச்சிரம் என்றார்கள். மரத்தின் வயிரமும் மரத்தை ஒட்டும் வச்சிரமும் ஒரே வடசொல்லின் இரு வடிவங்கள் என்பது மொழி செய்த வேடிக்கை. பெயர்தான் வச்சிரம், நீர் பட்டால் அது இளகும். பாரசீகம், பம்பாய், கெண்ட் எங்கும் ஏறத்தாழ இதே கதைதான். ஆயிரம் குச்சிகளை ஒட்டிச் செய்த கோலத்தை நாள்தோறும் கழுவ வேண்டிய சமையலறைக்கு அனுப்ப யாருக்குத் துணிவு வரும்? கோலம் நகைப்பெட்டியில் இருந்தது. வெட்டுக் கட்டை புறாவால் பொருத்தாலும் இரும்புக் கம்பியாலும் தன்னைக் காத்துக்கொண்டு கோலமின்றி நின்றது.

இந்தப் பிரிவினையை மாற்றியதில் போருக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் ‘மாஸ்கிட்டோ’ போர்விமானம் பெரும்பாலும் மரத்தால் ஆனது. முதலில் பாலிலிருந்து எடுத்த கேசின் பசையால் ஒட்டினார்கள். ஈரத்தில் அது நிற்கவில்லை என்று கண்டு, வேதியியலார் உருவாக்கிய செயற்கைப் பிசினுக்கு மாறினார்கள். 1944 இறுதியில் இந்தியாவிலிருந்த மாஸ்கிட்டோக்கள் சில வானிலேயே சிதைந்து வீரர்கள் உயிரிழந்தபோது, ஒட்டுப்பகுதிகளில் இருந்த குறைகளை விசாரணை சுட்டிக்காட்டியது. பிசைந்து பூசிய பசையின் ஒரு மெல்லிய கோட்டில் எத்தனை உயிர்கள் தொங்கின! போருக்குப் பின் நீருக்கு இளகாத பசைகள் பட்டறைகளுக்கும், பிறகு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. நம் நாட்டில் 1959இல் ஃபெவிகால் வந்தபின் வச்சிரம் காய்ச்சும் பானை தச்சுப் பட்டறைகளிலிருந்து மெல்ல மறைந்தது. நீர் தாங்கும் வகைகள் பின்னாளில் வந்தன.

பசை தயாரானபோது வேறொரு தடை குறுக்கிட்டது. மரத்தில் கிருமி தங்கும், நெகிழிப் பலகையே தூய்மையானது என்று 1970களில் அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் அறிவுரை சொன்னார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டீன் கிளைவர், நெஸெ ஆக் ஆகியோர் மரப்பலகையை நெகிழிக்கு நிகராகத் தூய்மைப்படுத்த வழி தேடித்தான் ஆய்வைத் தொடங்கினர். 1994இல் வெளியான முடிவு அவர்களே எதிர்பாராதது. மரத்தின் மேல் இட்ட கிருமிகள் உள்ளே இழுக்கப்பட்டு, திரும்பவும் மேற்பரப்பில் எளிதில் அகப்படாமல் போயின. கத்திக் கீறல் விழுந்த நெகிழியிலோ கைகழுவலுக்குப் பின்னும் எஞ்சின. கழுவுவதையும் காயவைப்பதையும் விட்டுவிடலாம் என்பது இதன் பொருளல்ல. மரம் சமையலறையில் இருக்கத் தகுதியற்றது என்ற தீர்ப்பு மட்டும் தளர்ந்தது. அதன்பின் வால்நட்டின் கருமையையும் மேப்பிளின் வெண்மையையும் இணைத்துக் கோலப் பலகை செய்வது உலகெங்கும் விருப்பத் தச்சர்களின் வேலையாகப் பரவியது.

*

எங்கள் பலகைக்கு வருகிறேன். ஆசாரியார் அறுபதைக் கடந்தவர். என் அப்பாவின் காலத்திலிருந்து எங்கள் வீட்டு வேலை செய்பவர். பலாவையும் பூவரசையும் ஒரே அகலச் சட்டங்களாக அறுத்தார். மாற்றி மாற்றி அடுக்கிப் பசையிட்டு இறுக்கினோம். மறுநாள் கோடு போட்ட ஒரு பலகை கிடைத்தது. அதைக் குறுக்கே ஒரே கன அளவில் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் புரட்டிக் குறுக்குமுகம் மேலே வர வைத்தார். ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைமாற்றி வைத்ததும் கோடுகள் கட்டங்களாயின. மீண்டும் பசை, மீண்டும் இறுக்கம். இரண்டு முறை ஒட்டுவதும் ஒரு முறை அறுப்பதும்தான் இதன் இரகசியம். பிறகு இழைப்பு. குறுக்குமுகத்தை இழைப்பது எத்தனை பாடு என்பதை என் தோள்கள் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தன.

எனக்கு அதோடு நிற்க மனமில்லை. சுற்றிலும் தேக்கில் ஒரு சட்டம் அடித்தால் படம்போல அழகாக இருக்கும் என்றேன். “வேண்டாம் சார். இது நாலு பக்கமும் மூச்சு விடும். சட்டம் விடாது” என்றார். நான் கேட்கவில்லை. ஐப்பசி மழையில் பலகை நீளத்திலும் அகலத்திலும் ஒருங்கே பருத்தது. நீளவாக்கில் ஓடும் தேக்குச் சட்டம் அசையவில்லை. ஒரு காலையில் சட்டத்தின் இரண்டு மூலைகள் வாய்பிளந்திருந்தன. பலகை நடுவில் எழும்பியிருந்தது. மரம் எந்தத் திசையில் எவ்வளவு விரியும் என்று அதற்கு முன் பல பக்கங்கள் படித்திருந்தவன் நான். அத்தனையும் படித்தவனுக்குக் கேட்காத எச்சரிக்கை, படிக்காதவரின் ஒரு வரியில் முழுதாக இருந்தது. டன்பிரிட்ஜ் பெட்டிகளைப் பற்றிப் பேசிவிட்டு, சமையலறைக்கான ஒன்றைச் சுவரில் மாட்டும் படமாக்கப் பார்த்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

சட்டத்தை அறுத்தெறிந்து, பலகையைக் காயவைத்து, மீண்டும் இழைத்தோம். கால் அங்குலம் போயிற்று. கோலம் ஒரு கட்டம்கூடக் குறையவில்லை. மேலிருந்து அடிவரை அதே கோலம்தான். கனிம எண்ணெயும் தேன்மெழுகும் பூசியபோது பலாவின் மஞ்சள் விளக்கேற்றியதுபோல எழுந்தது.

அம்மா அதைக் கையில் வாங்கி முதலில் தடவிப் பார்த்தார். “இது எந்தக் கதவு?” என்றார். பூசையறைக் கதவு என்றேன். “அதுமேல போய் எப்படிப்பா கத்தியை வைக்கிறது?” என்று துடைத்து அலமாரியில் நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் அங்கேயே இருந்தது. நான் முக்கையும் சுக்கையும் எடுத்துச் சொன்னேன். எத்தனை வெட்டினாலும் கோலம் அழியாது என்றேன். அவர் அதைப் பெரிதாகக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்தபோது சமையலறை மேடையில் அந்தப் பலகை ஈரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என்னம்மா என்றேன். “வாசல்ல போடற கோலத்தையும் மிதிச்சுட்டுத்தானே உள்ள வர்றோம்” என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டார்.

இப்போது அதன்மேல் நுண்ணிய கீறல்கள் விழுந்திருக்கின்றன. வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் தெரியும். பலாவின் மஞ்சளும் பழுப்பேறி வருகிறது. இன்னும் சில ஆண்டுகளில் அது பூவரசின் நிறத்துக்குச் சற்று அருகே வந்துவிடும் என்கிறார் ஆசாரியார். இழைத்தால் பழைய மஞ்சள் திரும்புமாம். அம்மா வேண்டாம் என்கிறார். அந்தப் பழுப்புத்தான் பழைய கதவின் நிறமாம்.